வட்டத்துக்குள் வெயிலுமுத்து

வாழைப்பூவின் மடலை உரித்து, உள்ளே சீப்புச் சீப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிற பூக்களை எடுத்து, நுனியை உள்ளங்கையில் தேய்த்து விரிய வைத்து, நடுவில் விறைப்பாக நிற்கிற நரம்பைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்று தப்பினாலும் வாயில் கடிபடும். கடிபட்டால் அத்தை அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்க்க மாட்டார், தட்டைத்தான் பார்ப்பார். கையில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்கார்ந்தேன், ஆனாலும் கறை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. கால் பெருவிரலில் தூளிக் கயிறு. கரண்ட் இல்லை, மாதத்துக்கு ஒருநாள் நிறுத்துகிற கரண்ட், காலையில் போனது, சாயங்காலம் என்று சொன்னார்கள், அதுவரைக்கும் தர்ஷி தூங்க வேண்டும் என்றால் என் கால் நிற்கக் கூடாது. ஒரு காதில் இயர்போனில் ஒருத்தர் பேசிக்கொண்டிருக்கிறார். இன்னொரு காதைப் பிள்ளைக்கும் அத்தைக்குமாக வைத்திருக்கிறேன். அவர் பேர் எனக்குத் தெரியும், ஆனால் நான் காதுக்காரர் என்றுதான் நினைத்துக்கொள்வேன், சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறவர்களுக்காகப் பேசுகிறவர், அந்தப் பாட்காஸ்ட்டை நான் ஒன்று விடாமல் கேட்கிறேன், நண்பா என்று ஆரம்பிப்பார், அந்த நண்பா நான்தான் என்று முதலில் நம்ப முடியவில்லை, இப்போது நம்புகிறேன். ஒரே நேரத்தில் ரெண்டு வேலை பார்க்காதீங்க நண்பா, மூளை சிதறிப்போகும் என்கிறார். நான் காலைப் பார்க்கிறேன், கையைப் பார்க்கிறேன். வேலைக்குன்னு ஒரு தனி மேசை வேணும், அதுல வேற எதையும் வைக்காதீங்க என்று போன வாரம் சொன்னார், அன்றைக்கு கிரைண்டர் மூடியைத் துடைத்து அதன் மேல் போனை நிறுத்தி வைத்தேன், இப்போதும் அதில்தான் சாய்ந்து நிற்கிறது, அது என் மேசை.

அவருக்கு நான் சிரிப்பாக இருப்பேன் என்று நினைத்ததில்லை. அவருக்கு என்னைத் தெரியாது, அதனால் சிரிக்க மாட்டார், அதனாலேயே பிடிக்கும். எட்டாவதோடு நின்றவள் டிசைனர் என்று சொன்னால் யார் சிரிக்க மாட்டார்கள். ஆனால் கோவில்பட்டியில் இந்த வருசம் கட்டின காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா பேனர்களில் நிறையப் பேனர் இந்த கிரைண்டர் மூடி மேலிருந்துதான் போனது, ஞானதுரை அண்ணாச்சியின் ஃபிளெக்ஸ் கடைக்கு இங்கிருந்து அனுப்பினால் அங்கே மிசினில் ஓடும், இதெல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. காதுக்காரர் இப்போது நேரத்தை மிச்சம் பிடிக்கிற வழியைச் சொல்கிறார். ஒரே வேலையை ரெண்டு தடவை செய்யாதீங்க நண்பா, ஒருதடவை செஞ்சதை டெம்ப்ளேட்டா வச்சுக்கோங்க, அடுத்த தடவை பேரையும் படத்தையும் மட்டும் மாத்துங்க, போயிட்டே இருங்க. ஆமாம் என்று தலையாட்டினேன், இதை ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், கேட்டதிலிருந்து அப்படித்தான் செய்கிறேன், இன்றைக்குக் காலையில் அனுப்பின காதணி விழாப் பேனர்கூட அப்படிச் செய்ததுதான், போன மாதம் நாலாட்டின்புத்தூர்காரர்களுக்குப் போட்டதை எடுத்து, பிள்ளை படத்தை மாற்றி, அப்பா அம்மா படத்தை மாற்றி, மேலே வட்டத்துக்குள் இருந்த அவர்கள் வீட்டுப் பெரியவர் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தாய்மாமன் வெயிலுமுத்து படத்தை வைத்து, பேரை மாற்றி, போயிட்டே இருந்தேன். அந்தப் பெரியவர். வட்டத்துக்குள் இருந்த பெரியவர். கையில் இருந்த பூ அப்படியே நின்றுவிட்டது. அவர் செத்துப்போனவர் இல்லையா.

செத்துப்போனவர்களுக்குத்தானே மேலே வட்டம். பேனரில் உயிரோடு இருக்கிறவர்கள் எல்லோரும் கீழே நிற்பார்கள், வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, வரிசையாக, யார் பெரிய ஆளோ அவர் பெரிதாக. இல்லாதவர்கள் மேலே, மூலையில், வட்டத்துக்குள், பின்னால் மஞ்சளாகக் கதிர் அடிக்க, கீழே ஒரு சின்ன விளக்கு, பேருக்கு முன்னால் தெய்வத்திரு. இது எனக்குத் தெரியாததா, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், பேனரைப் பார்த்து இவரு எப்போ செத்தாரு என்று கேட்கிற ஊர் இது. எனக்கு எப்படிக் கை வந்தது. வெயிலுமுத்துக்கு முகம் மட்டும்தான் படம் வந்தது, அதனால்தான், மற்ற எல்லோருக்கும் நின்றபடி படம் இருந்தது, அவருக்கு மட்டும் ஆஸ்பத்திரி சீட்டுக்கு எடுத்த முகப்படம், அதற்கு உடம்பு ஒட்ட வேண்டும். உடம்புக்கு என் வீட்டுக்காரரைத்தான் வெள்ளைச் சட்டை வேட்டியில் நிறுத்தி எடுத்து வைத்திருக்கிறேன், கழுத்துக்கு மேல் யார் தலையை வேண்டுமானாலும் வைக்கலாம், ஊரில் நாலைந்து மாமன்மார் அவர் தொப்பையோடுதான் நிற்கிறார்கள். போன தடவை டீக்கடையில் யாரோ கைக்கடிகாரத்தை வைத்துக் கண்டுபிடித்து, என்ன செண்பகராஜ், உனக்கு ரெண்டு தலையாடே என்று கேட்டுவிட்டார்களாம், இனிமே எவனுக்கும் என் உடம்பைக் குடுக்காத தாயே என்று கும்பிட்டார். சரி என்று விட்டேன். முகம்தானே இருக்கிறது, வட்டம் காலியாகத்தானே இருக்கிறது என்று கை அதுவாகப் போயிருக்கிறது, பிள்ளை அப்போது அழுதுகொண்டிருந்தது, பால் பொங்கிக்கொண்டிருந்தது. வைத்தது வைத்தேன், அந்த எழுத்தை அழித்தேனா. விளக்கை எடுத்தேனா. எடுத்திருப்பேன். எடுத்த மாதிரிதான் இருக்கிறது. இல்லை, அது போன மாதம் வேறொரு பேனரில் எடுத்தது. கால் நின்றுவிட்டது, தூளிக்குள் தர்ஷி முனகினாள், கயிற்றை இழுத்தேன். போனைத் தொட்டால் விரலை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது, கறை ஏறின விரலை அதற்கு அடையாளம் தெரியவில்லை, நைட்டியில் துடைத்தேன், இன்னும் பிசுபிசுவென்றிருக்கிறது, கோடு போட்டுத் திறந்து, படத்தைத் திறந்து, விரல் முட்டியால் பெரிதாக்கினேன். மஞ்சள் கதிருக்கு மேல் மஞ்சள் எழுத்து, அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை, மாதிரி பார்த்த விழா வீட்டார் கண்ணிலும் படவில்லை, சரி என்று கும்பிடு பொம்மை போட்டு அனுப்பியிருந்தார்கள். தெய்வத்திரு. வெயிலுமுத்து. விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. போனில் அரிசி அளவுக்கு இருக்கிற எழுத்து மண்டப வாசலில் சாண் அளவுக்கு இருக்கும்.

நெஞ்சில் ஆபரேசன் முடிந்து வந்திருக்கிற மனுசன். அவர் தங்கச்சி பேசி அனுப்பினதை அண்ணாச்சி எனக்கு அனுப்பியிருந்தார், அது என் காதிலேயே இருக்கிறது, அண்ணே, எங்க அண்ணன் பொழைச்சு வந்ததே எங்க குலசாமி புண்ணியம், பிள்ளைக்குக் காது குத்தாமலே வச்சிருந்தோம், அவன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும்னு ஒத்தக்கால்ல நின்னேன், எங்க அண்ணன் படம் நல்லாப் பெருசா வரணும், பாத்துப் போடச் சொல்லுங்க. பாத்துப் போட்டேன். நாளைக்குக் காது குத்து. இன்றைக்குச் சாயங்காலம் பேனர் கட்டுவார்கள். முதல் ஆளாக வெயிலுமுத்துவே வந்து நிற்பாரோ, சட்டைக்குள் தையல் இன்னும் ஆறாமல், தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு, எங்க இருக்கு என் படம் என்று தேடிக் கீழ்வரிசையில் இல்லாமல் மேலே பார்த்து. அதற்கு மேல் நினைக்க ஓடவில்லை. அந்த நெஞ்சு தாங்குமா. சகுனம் என்று அந்தத் தங்கச்சி அழுவாள். ஒரு பூவின் நரம்பைப் பிடுங்குவதற்குப் பதிலாகப் பூவையே கசக்கிவிட்டேன். காதுக்காரர் நிறுத்தாமல் பேசுகிறார், தப்பு நடக்கும் நண்பா, தப்பு நடக்கலைன்னா நீங்க வளரலைன்னு அர்த்தம். அவர் சொல்கிற தப்பு வேறு. அவர் ஒரு கம்பெனிக்கு நீலத்துக்குப் பதில் பச்சை போட்டிருப்பார். அவரை நிறுத்தினேன். நிறுத்தினதும் வீடு பெரிதாகிவிட்ட மாதிரி, தூளிக் கொக்கி கிரீச் கிரீச்சென்று, முன்னறையில் வாசல் பக்கமாகத் தலைவைத்துப் படுத்திருக்கிற அத்தை விசிறியைத் தரையில் தட்டுகிற சத்தம்.

கரண்ட் இல்லை, அதுதான் ஒரே ஆறுதல். கரண்ட் வந்ததும் ஓடிரும் தம்பி என்று அண்ணாச்சி காலையிலேயே போட்டிருந்தார். தலைக்கு மேலே ஃபேனைப் பார்த்தேன், இறக்கை மூன்றும் தூசியோடு அசையாமல் நிற்கிறது, இது சுற்றினால் அங்கே மிசினும் சுற்றும், இது நிற்கிற வரைக்கும் வெயிலுமுத்து உயிரோடு இருக்கிறார். முட்டியாலேயே தட்டினேன், அண்ணாச்சி மிசினில் போடாதீங்க ஒரு தப்பு இருக்கு. போனது. ரெண்டு டிக் விழுந்தது, நீலமாகவில்லை. அவர் பார்க்க மாட்டார், கரண்ட் இல்லாத நாளில் கடைக்குள்ளேயே துணி ரோல் மேல் படுத்துத் தூங்குவார், மெசேஜ் சத்தத்துக்கெல்லாம் எழுந்திரிக்கிற ஆள் இல்லை, அவசரம்னா போன் அடி தம்பி என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரருக்கு அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை, லோடு ஏற்றத் தீப்பெட்டி ஆபீசுக்குள் போயிருப்பார், அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், தீக்குச்சி மருந்து இருக்கிற இடம். அப்போது நான்தான். என் வாயால்தான். தம்பி என்றுதான் அவர் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார், நான் சொல்லவில்லை, அவராக நினைத்துக்கொண்டார், முதல் படம் அனுப்பினபோது சூப்பர் தம்பி என்று போட்டார், நான் இல்லை என்று போட வேண்டிய இடத்தில் நன்றி அண்ணாச்சி என்று போட்டேன், அவ்வளவுதான், அதன் பிறகு எந்த இடத்தில் சொல்வது. வீட்டுக்காரருக்கு அது ஒரே கூத்து, வண்டியை விட்டு இறங்கும்போதே, என்ன தம்பி, சோறு ஆச்சா தம்பி என்பார். ஆனால் எனக்கு அந்தத் தம்பியைப் பிடித்திருந்தது. முடியாது அண்ணாச்சி, நாளைக்குத்தான் தருவேன் என்று அந்தத் தம்பி எழுதினான், நான் என் வாழ்நாளில் ஒருத்தரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. கலர் நான் சொல்றதுதான் நல்லாருக்கும் என்று எழுதினான். அவனுக்குக் குரல் மட்டும்தான் கிடையாது. என் குரலா, வாய்க்குள்ளேயே பேசுதா என்று அத்தை வந்தவர்களிடம் எல்லாம் சொல்வார், பள்ளிக்கூடத்தில் எழுந்து படிக்கச் சொன்னால் முதல் வரியிலேயே காற்றாகிவிடும், சத்தமா, சத்தமா என்று டீச்சர் சொல்லச் சொல்ல இன்னும் உள்ளே போகும், அது போய் ஒளிந்துகொள்கிற இடம் எனக்கே தெரியாது.

அண்ணாச்சி நல்ல மனுசன்தான். ஆனால் பொம்பளைப் பிள்ளை என்று தெரிந்தால் யோசிப்பார், வீட்டுக்காரர்ட்ட கேக்கணும் என்பார், பாப்பா உனக்கெதுக்கும்மா இந்தத் தொல்லை என்பார், கடைக்கு வருகிற பயல் எவனாவது நம்பரைக் கேட்பான், அத்தைக்குத் தெரிந்தால் கண்ட கண்ட ஆம்பளைகளோடு என்று ஆரம்பிப்பார், அத்தையைப் பொறுத்தவரைக்கும் நான் போனை நோண்டுகிறேன், அதற்குமேல் அவருக்குத் தெரியாது. தம்பி போய்விட்டால் வேலையும் போய்விடும். தம்பியை வைத்துக்கொண்டால் வெயிலுமுத்து வட்டத்துக்குள் போய்விடுவார். இப்படி நினைக்கும்போதே என் மேல் எனக்குக் கூசியது, ஒரு மனுசன் நெஞ்சையும் என் கூச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கரண்ட் சாயங்காலம்தானே வரும், அதற்குள் அவர் மெசேஜைப் பார்த்துவிடலாம், வீட்டுக்காரர் வந்துவிடலாம், பூ இன்னும் பாதி கிடக்கிறது, உள்மடல் இளசு, அதற்கு நரம்பு எடுக்க வேண்டியதில்லை, அப்படியே நறுக்கலாம், என்று இன்னொரு மடலை உரித்தேன், உரிக்கும்போதே கழுத்துப் பிடரியில் காற்றுப் பட்டது. ஃபேன் இறக்கை ஒன்று அசைந்தது. மெதுவாக, சோம்பலாக, பிறகு மூன்றும் ஒன்றாகி. முன்னறையில் டிவி தானாகப் பேச ஆரம்பித்தது. வந்துருச்சுடி என்றார் அத்தை, சந்தோசமாக. அங்கே அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைப்பார், கம்ப்யூட்டரைப் போடுவார், அது எழுந்திரிக்கக் கொஞ்ச நேரம் ஆகும், பிறகு மிசின். மிசினில் படத்தின் தலைதான் முதலில் வரும், ஒருதடவை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார், கோடு கோடாக மேலிருந்து இறங்கி வரும், மேல் மூலைதான் முதலில், வட்டம்தான் முதலில். எவ்வளவு நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்படித் தட்டினேன் என்று தெரியாது, அவர் பேரைத் தட்டிவிட்டேன், மணி போகிறது, காதுக்குள் போகிறது, சொல்லு தம்பி என்றார். அதிசயமா போன்லாம் அடிக்க, என்னப்பா என்றார். பின்னால் ஒரு இரைச்சல், சர்ரக் சர்ரக்கென்று, அது மிசின்தான். வாயைத் திறந்தேன். திறந்துதான் இருக்கிறது, காற்று போகிறது வருகிறது, நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. அலோ, தம்பி, கேக்குதா, கேக்கலயே என்றார். கட் பண்ணிவிட்டேன். நான்தான் கட் பண்ணினேன், இந்த விரல்தான். சர்ரக் சர்ரக். ஒவ்வொரு சர்ரக்குக்கும் ஒரு கோடு. கதிர் வந்திருக்கும். நெற்றி வந்திருக்கும். உதவாக்கரை, உதவாக்கரை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன், சொன்னது வெளியேயும் வந்துவிட்டது போல, யார்ட்டடி பேசுத என்றார் அத்தை. போன் கிரைண்டர் மூடி மேல் நடுங்கியது. அவர்தான், திருப்பி அடிக்கிறார்.

எடுத்தேன். எடுத்ததும் அவர் பேசுவதற்கு முன்னால், இல்லாவிட்டால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும், அண்ணாச்சி மிசினை நிறுத்துங்க என்றேன். என் குரல்தானா, சின்னதாக, கீச்சென்று, ஆனால் வெளியே வந்துவிட்டது. யாரும்மா என்றார். நிறுத்துங்க அண்ணாச்சி, மொதல்ல நிறுத்துங்க, காதணி விழாப் பேனர், வெயிலுமுத்துன்னு ஒரு படம், அது தெய்வத்திருன்னு விழுந்துருச்சு, அவரு உசுரோட இருக்காரு. ஏ லேய் நிறுத்துடே, அமுக்குடே அதை என்று அவர் யாரிடமோ கத்தினார், சர்ரக் நின்றது. தலை வெளிய வந்துருச்சேம்மா என்றார், அடப்பாவிகளா, அந்த மாமங்காரரு டீ குடிச்சிட்டு வாரேன்னு இப்பந்தான் எறங்குனாரு, பேனர நானே வாங்கிட்டுப் போறேன்னு வந்திருக்காரு. கண்ணுல காட்டிறாதீங்க அண்ணாச்சி, அந்தத் துண்ட வெட்டிருங்க, மடிச்சு உள்ள போட்டுருங்க என்றேன். சரி சரி, அதை நான் பாத்துக்கிடுதேன், நீ யாரு, தம்பி வீட்டுக்காரியா, நல்ல வேளை நீயாச்சும் பாத்த, தம்பிட்ட போனக் குடு, நாலு கேள்வி கேக்கணும் அவன, இப்பிடியாடே ஒருத்தன் கண்ணை மூடிக்கிட்டுப் போடுவான். அவரே கதவைத் திறந்து வைத்துவிட்டார். ஆமாம், வீட்டுக்காரிதான், அவுக வெளிய போயிருக்காக, வந்ததும் பேசச் சொல்லுதேன், இவ்வளவு சொன்னால் போதும், வெயிலுமுத்து தப்பித்துவிட்டார், தம்பியும் தப்பித்துவிடுவான், சாயங்காலம் தம்பி மன்னிச்சிருங்க அண்ணாச்சி என்று எழுதுவான், நாளையிலிருந்து எல்லாம் முன்போலவே. நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது அந்த ஆமாம். ஆனால் நாலு கேள்வியும் என்னைத்தான் கேட்க வேண்டும். அந்தக் கண்ணை மூடிக்கொண்டு போட்டது நான். திட்டை வாங்கிக்கொள்வதற்குக்கூட ஒரு ஆம்பளையை முன்னால் நிறுத்தி, அவன் பின்னால் நின்றுகொண்டு, அப்படியே எவ்வளவு நாளைக்கு. தம்பின்னு யாரும் இல்ல அண்ணாச்சி என்றேன். என்னம்மா என்றார். படம் போடுறது நாந்தான், மொதப் படத்துல இருந்து நாந்தான், இதையும் நாந்தான் தப்பாப் போட்டேன், திட்டுறதா இருந்தா என்னத் திட்டுங்க. பேசப் பேச என் குரல் பெரிதாகிக்கொண்டே போவது எனக்கே கேட்டது, தூளி அசையாமல் நிற்பதும் தெரிந்தது. அப்போ இத்தன நாளா தம்பி தம்பின்னு நான் யார்ட்டம்மா பேசிக்கிட்டிருந்தேன் என்றார், கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை, எங்கிட்டதான் அண்ணாச்சி என்றேன் நான். நல்லாருக்கே கத என்றார். சரி, அந்த மனுசன் படியேறி வாராரு, அவருக்கு நான் என்ன பதில் சொல்ல, பேனர் எப்ப ரெடியாகும், சொல்லு, நீயே சொல்லு. தர்ஷி வீரிட்டாள். ஏட்டி காளீஸ்வரி, பிள்ளை கத்துது காதுல விழலையா, அங்க என்ன பேச்சு உனக்கு, இங்க வா என்று அத்தை முன்னறையிலிருந்து கூப்பிட, நான் கறைக் கையாலேயே பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, இந்தா அத்தை, வேலையா இருக்கேன், ஒரு நிமிசம் என்று அந்தப் பக்கம் சத்தமாகச் சொல்லிவிட்டு, இந்தப் பக்கம், மாடியேறி வர்றவர உக்கார வைங்க அண்ணாச்சி, ஒரு டீ குடிக்கிற நேரத்துல நான் மாத்தி அனுப்பிருதேன், அவரு கீழ வரிசையில, பிள்ளைக்குப் பக்கத்துல, எல்லாரையும் விடப் பெருசா, வட்டம் எல்லாம் இல்லாம, எங்க வீட்டுக்காரரு உடம்ப ஒட்டியாவது நல்லா நிமிந்து நிப்பாரு என்றேன்.